எட்டும் தொலைவில்

பயணம் புறப்படுகிறவர் வீட்டில் விட்டுச் செல்லவேண்டியவை எவை என்பதில் நம் முன்னோர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தனர். சாவியை விட்டுச் செல்ல வேண்டும்; செலவுக்குப் பணத்தை விட்டுச் செல்ல வேண்டும்; போய்ச் சேரும் இடத்தின் முகவரியை விட்டுச் செல்ல வேண்டும். கடல் கடந்து போகிறவர் மட்டும் முகவரியை விட்டுச் செல்ல இயலாதவராய் இருந்தார். நடுக்கடலில் செல்லும் கப்பலுக்குக் கடிதம் போய்ச் சேர வழியில்லை. கரையை விட்டு அது அகன்றபின், அடுத்த துறைமுகத்தை அடையும்வரை, அதில் சென்றவர் நலமாயிருக்கிறார் என்று நம்புவது ஒன்றே வீட்டாருக்கு இயன்றது. வீட்டைக் குறித்து அவருக்கும் அதே நம்பிக்கைதான் துணை.

இன்று அந்நிலை மாறிவிட்டது. மாறியதோடு நில்லாமல், விலைக்கும் வந்துவிட்டது. சொகுசுக் கப்பல் ஒன்றில் இடம் பதிவு செய்கிறவரிடம், அறை, உணவு, ஊர்சுற்றல் ஆகியவற்றையெல்லாம் கேட்டு முடித்தபின், “இணைய வசதி வேண்டுமா?” என்று ஒரு சிறு கட்டம் கேட்கிறது. வேண்டும் என்றால் நாளொன்றுக்கு இவ்வளவு. வேண்டாம் என்றால் ஒன்றுமில்லை. பார்வைக்கு இது பணக் கணக்கு. சற்றே ஊன்றி நோக்கினால், ‘இந்த ஏழு நாளும் நீங்கள் யாருக்கு எட்டும் தொலைவில் இருக்க விரும்புகிறீர்கள்?’ என்னும் வினாவே அங்கே எழுப்பப்படுகிறது. சென்ற ஆண்டு அவ்வினாவுக்கு விடை காண நாங்கள் இருவரும் பத்து நாள்களுக்கு மேல் எடுத்துக்கொண்டோம். அப்போது நாங்கள் எண்ணிப் பார்த்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என நம்புகிறோம்.

நாங்கள் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தூத்துக்குடியில் வாழ்கிறவர்கள். எங்கள் மகள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பணிபுரிகிறாள். எங்கள் மணவாழ்வின் 40-ஆம் ஆண்டு நிறைவுக்குப் பரிசாக, அலாஸ்காக் கடலோரம் சென்று திரும்பும் ஏழு இரவுக் கப்பற்பயணம் ஒன்றைச் சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் அவள் ஏற்பாடு செய்தாள். சியாட்டிலில் கப்பலேறி, ஜூனோ, ஸ்காக்வே ஆகிய ஊர்களில் இறங்கிப் பார்த்து, பனிப்பாறைகள் சூழ்ந்த கிளேசியர் பே என்னும் விரிகுடாவில் ஒரு பகல் மிதந்து, கெச்சிக்கன் வழியாகத் திரும்புவது பயண ஒழுங்கு. எல்லாவற்றையும் தானே பதிவு செய்தவள், இணையம் ஒன்றை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டாள். “அப்பா, அம்மா, இதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்” என்றாள்.

கைப்பேசி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 டாலர். ஏழு நாளைக்கு 140 டாலர். நம் நாணயத்தில் ஏறத்தாழ 12,000 ரூபாய். இருவருக்கும் தனித்தனியே வாங்கினால் இரு மடங்கு. கப்பலேறும் முன்பே வாங்கினால் ஒரு விலை. ஏறியபின் வாங்கினால் சற்றுக் கூடுதல். எழுத்துச் செய்திக்கு மட்டும் போதுமான மலிவான இணைப்பும் இருந்தது. ஆனால் அதில் குரல் கேட்கவோ முகம் பார்த்துப் பேசவோ இயலாது. 12,000 ரூபாய் என்றதும் எங்கள் இருவர் மனத்திலும் ஒரே எண்ணம் எழுந்தது. தூத்துக்குடியில் தம்பியின் வீட்டில் இருக்கும் 88 வயதான அம்மாவைப் பகலில் கவனித்துக்கொள்ளும் பெண்மணிக்கு நாங்கள் மாதந்தோறும் தரும் ஊதியம் அதுவேயாகும். ஒருவர் ஒரு மாதம் உழைத்துப் பெறும் தொகையை, ஏழு நாள் கைப்பேசி ஒலிப்பதற்காகக் கொடுப்பதா என்ற தயக்கம் இயல்பாகவே வந்தது.

கடல் நடுவே இருப்பவரோடு பேசுவதற்குக் காசு கேட்பது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1899 நவம்பரில், செயிண்ட் பால் என்னும் கப்பலில் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த மார்க்கோனி, கரையை நெருங்குகையில், ஒயிட் தீவிலிருந்த தம் நிலையத்தோடு கம்பியில்லாத் தந்தி வழியே தொடர்பு கொண்டார். கிடைத்த செய்திகளைக் கப்பலிலேயே அச்சிட்டுச் சிறு செய்தித்தாளாக்கி, ஒரு டாலர் விலையில் பயணிகளுக்கு விற்றனர். திரண்ட பணம் மாலுமிகளின் நல நிதிக்குச் சென்றது. கடல்மேல் செய்தி விலைபோன வரலாறு இவ்வாறு மாலுமிகளுக்கு உதவியாகத் தொடங்கியது என்பது மனநிறைவு தருகிறது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, டைட்டானிக் கப்பலில் பயணி ஒருவர் கரைக்குத் தந்தி அனுப்ப, முதல் 10 சொற்களுக்கு 12 ஷில்லிங் 6 பென்னியும், அதற்குமேல் ஒவ்வொரு சொல்லுக்கும் 9 பென்னியும் கட்டவேண்டியிருந்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆயினும் செல்வர்கள் வாழ்த்தும் நலமும் வணிகமுமாகத் தந்திகளை அனுப்பிக் குவித்தனர். 1912 ஏப்ரல் 14 இரவு, அக்கப்பலின் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ், தேங்கிக் கிடந்த பயணிகளின் செய்திகளைக் இன்றைய கனடாவின் கரையிலிருந்த கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அருகே நின்றிருந்த கலிபோர்னியன் கப்பலின் தந்தியாளர், தாங்கள் பனிக்கட்டிகளால் சூழப்பட்டு நின்றுவிட்டதாகக் குறுக்கிட்டுச் சொன்னபோது, தாம் வேலையாய் இருப்பதாகக் கூறிப் பிலிப்ஸ் அவரை அடக்கிவிட்டார். கலிபோர்னியனின் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். சிறிது நேரத்தில் டைட்டானிக் பனிமலையில் மோதியது. அதே பிலிப்ஸ்தான் பின்னர் இறுதிவரை உதவி கோரித் தந்தியடித்தார். அந்த அழைப்பைக் கேட்டு வந்த கார்பேத்தியா கப்பல் எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. பிலிப்ஸ் உயிர் பிழைக்கவில்லை. ஒரே கருவி, வீண் பேச்சையும் அதுவே சுமந்தது, உயிர் காக்கும் குரலையும் அதுவே சுமந்தது. அந்தக் கருவியைத் திறந்து வைக்கலாமா என்பதோடு வினா முடிந்துவிடவில்லை. அதன் வழியே எது எதை அடக்கிப் பேச விடுகிறோம் என்பதும் சேர்ந்தே எழுகிறது.

இப்போது அக்கருவி வானத்துக்கு ஏறிவிட்டது. கப்பல்களின் ஆபத்துக் காலத் தொடர்புக்கென 1979-இல் இன்மர்சாட் அமைப்பு தோன்றியது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள் வழியே பேசினால், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அரை நொடிக்கு மேல் தாமதம் நேரும். அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அத்தாமதத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. 2022-இல் ராயல் கரீபியன் நிறுவனம் தன் கப்பல்கள் அனைத்திலும் அவ்வசதியைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கடலில் இணையம் நத்தையாய் ஊரும் என்ற பழைய குறை பெருமளவு நீங்கிவிட்டது. எனவே, ‘வாங்கினாலும் பயனில்லை’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழியும் எங்களுக்கு அடைபட்டது.

எங்களுள் ஒருவர் வேண்டாம் என்றார். மற்றவர் வேண்டும் என்றார். யார் எதைச் சொன்னார் என்பது இங்கே தேவையில்லை. இரண்டு நாள் கழித்து இருவரும் கட்சி மாறி வாதாடினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

வேண்டாம் என்பதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. பனிமலையைக் காணச் சென்று கைப்பேசியைக் கண்டு திரும்புவதில் என்ன பொருள்? எங்கள் கைப்பேசியில் உறவினர் குழு, பங்கின் அன்பியக் குழு, பழைய மாணவர் குழு, ஓய்வுபெற்ற ஆசிரியர் குழு எனப் பதினொரு வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. விடிந்தால் பூக்கள் பொறித்த காலை வணக்கங்கள். இரவானால் யாரோ யாருக்கோ சொன்ன மறுமொழிகள். இவற்றையும் பெற்றுத் தருவதற்கு நாளொன்றுக்கு 20 டாலரா? மேலும், உண்மையிலேயே அவசரம் என்றால், கப்பலின் வரவேற்பு மேசைக்குத் தொலைபேசி உண்டு. மகள் சியாட்டிலில் இருக்கிறாள். ஊரிலிருந்து அவளுக்குச் சொன்னால் அவள் கப்பலுக்குச் சொல்வாள். கப்பலார் எங்கள் அறைக் கதவைத் தட்டுவார்கள். அது போதாதா?

வேண்டும் என்பதற்கு ஒரே காரணம்தான் இருந்தது, அது அம்மா. பெற்றவர் எங்களுள் ஒருவரைத்தான் என்றாலும், நாற்பது ஆண்டுகளாக அவர் எங்கள் இருவருக்குமே அம்மா. ஊரில் இருக்கும்போது நாள்தோறும் மாலைச் செபமாலைக்கு நாங்கள் தம்பியின் வீட்டுக்குச் சென்றுவிடுவோம். அமெரிக்காவுக்கு வந்தபின், செபமாலை முடியும் இரவு 7.30 மணிக்குத் தம்பி அழைப்பார், அம்மா பேசுவார். பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. “சாப்பிட்டீர்களா? குளிர் எப்படி?” என்று கேட்பார். நாங்கள் சொன்ன விடை அவர் காதில் விழுந்ததா என்பதும் உறுதியில்லை. ஆயினும் அந்தக் குரலைக் கேட்காமல் அவர் படுக்கச் செல்வதில்லை.

ஆனால் இந்தக் காரணத்தையும் ஒரு கேள்வி அசைத்துப் பார்த்தது. கடலில் இருக்கும்போது ஊரில் ஏதேனும் நேர்ந்தால், அறிந்து என்ன செய்ய இயலும்? கிளேசியர் பேயில் கப்பல் கரையை அணைவதில்லை, யாரும் இறங்குவதில்லை. ஜூனோவும் கெச்சிக்கனும் வெளியூர்களோடு சாலைத் தொடர்பு இல்லாத ஊர்கள்; விமானத்திலோ கப்பலிலோதான் அவற்றை விட்டு வெளியேற முடியும். இறங்கி, சியாட்டில் வந்து, அங்கிருந்து சென்னை, பின் தூத்துக்குடி என்று கணக்கிட்டால், எவ்வளவு விரைந்தாலும் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். உதவ முடியாத இடத்தில் இருந்துகொண்டு துன்பச் செய்தியை மட்டும் விலைகொடுத்து வாங்குவது அறிவுடைமையா? அறியாமல் இருந்தால் அந்த இரண்டு நாளேனும் அமைதியாய் இருப்போமே! இந்தக் கேள்விக்கு எங்களுக்குள் விடை கிடைக்கவில்லை. எனவே, இதைத் தம்பியிடமே கேட்டோம். “நாங்கள் ஒரு வாரம் தொடர்பில் இல்லாவிட்டால் உனக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டோம்.

தம்பி உடனே விடை சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துச் சொன்னார்: “அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன் அண்ணா. அதற்காக நீங்களும் அண்ணியும் ஒன்றும் வாங்க வேண்டாம். ஆனால் டாக்டர் ஏதாவது கேட்டால், நான் ஒருவனாக நின்று பதில் சொல்ல முடியாது. அம்மாவுக்காக வேண்டாம், எனக்காக வாங்குங்கள்.”

அதுவரை நாங்கள் பேசிய பேச்சில் இருவர்தாம் இருந்தனர்: படுக்கையில் இருக்கும் அம்மா, கப்பலில் இருக்கப்போகும் நாங்கள். இடையே நின்று எல்லாவற்றையும் தாங்குகிறவர் எங்கள் கணக்கில் வரவில்லை. முதியோர் உள்ள வீடுகளில் இதுவே பெரும்பாலும் நிகழ்கிறது. நோயுற்றவரின் நலத்தை உலகமே கேட்கிறது. உடன் இருந்து காப்பவரின் நலத்தைக் கேட்பார் இல்லை. மருந்து வாங்குவதும், உடல் துடைப்பதும், இரவில் விழித்திருப்பதும் கடினமே. அவற்றினும் கடினமானது, ‘செய்யலாமா, வேண்டாமா?’ என்று மருத்துவர் கேட்கும்போது தனியாக விடை சொல்வது. நல்லபடியாக முடிந்தால் எல்லாரும் மகிழ்வர். வேறுவிதமாக முடிந்தால், ‘அன்றைக்கு நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்’ என்று வாழ்நாளெல்லாம் அவர் ஒருவரே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சுமையில் பாதியை ஏற்பதற்கு அருகில் இருக்க வேண்டியதில்லை. எட்டும் தொலைவில் இருந்தால் போதும்.

அன்றே வாங்கினோம். இரண்டு கைப்பேசிக்கு அன்று, ஒன்றுக்கு மட்டும். பயணத்துக்கு முன்பே வாங்கியதால் குறைந்த விலையில் கிடைத்தது. பதினொரு குழுக்களுக்கும் ஒரே செய்தி அனுப்பினோம்: “ஏழு நாள் எங்களிடமிருந்து மறுமொழி எதிர்பார்க்க வேண்டாம்.” பின் அவற்றின் ஒலியை அடக்கினோம். அலாஸ்காவுக்கும் நம் நாட்டுக்கும் கோடைக்காலத்தில் பதின்மூன்றரை மணி நேர இடைவெளி. தம்பியின் வீட்டில் இரவு 7.30 என்றால், கப்பலில் அதே நாள் காலை 6 மணி. அந்த ஒரு நேரம் பேச்சுக்கு. இரவு படுக்குமுன் ஒருமுறை செய்தி பார்ப்பதற்கு. மற்ற நேரங்களில் கைப்பேசி அறையிலேயே கிடக்கும். கப்பலின் தொலைபேசி எண்ணையும் எங்கள் அறை எண்ணையும் மகளுக்கும் தம்பிக்கும் எழுதிக் கொடுத்தோம். மற்றொரு கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்துப் பூட்டினோம். அவ்வாறு வைக்காவிட்டால், கப்பல் தனக்கென வைத்திருக்கும் கைப்பேசி அலையில் அது தானே இணைந்துகொண்டு, இணையக் கட்டணத்துக்கு மேலாகத் தனியே பெருந்தொகை வசூலாகிவிடும் என்று மகள் முன்பே எச்சரித்திருந்தாள்.

கப்பலில் எங்கள் அறையைப் பேணியவர் கோவாவைச் சேர்ந்த ஓர் இளைஞர். காலை ஆறு மணிக்கு எங்கள் அறையில் பேச்சுக் குரல் கேட்பதைக் கவனித்தவர், மூன்றாம் நாள் தயங்கியபடி, “வீட்டுக்கா பேசுகிறீர்கள்?” என்று கேட்டார். ஆம் என்றோம். அவர் கப்பலேறி ஆறு மாதம் ஆகியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் பிறந்த தம் மகளை அவர் இன்னும் கையில் ஏந்தியதில்லை. ஊழியர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்றும், அது பயணிகளுக்கானதைவிடக் குறைவு என்றும் சொன்னார். ஆயினும் மாதச் சம்பளத்தில் இணையத்துக்கு எவ்வளவு போகிறது என்பதை அவரால் டாலரும் செண்டுமாகச் சொல்ல முடிந்தது. வாங்கலாமா, வேண்டாமா என்று பத்து நாள் பேசிய எங்கள் கதையை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்களுக்கு விருப்பமாய் வாய்த்தது அவருக்கு அன்றாட உணவைப் போன்றது.

அன்று பகலில் ஜூனோவில் இறங்கினோம். கப்பல்துறைக்கு அருகே, வாகன நிறுத்தக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் அந்நகரின் பொது நூலகம் இருக்கிறது. கட்டணமின்றி இணையம் கிடைக்கும் இடம் அது. சன்னலோரங்களில் பல நாட்டு முகங்கள், ஒவ்வொன்றும் ஒரு கைப்பேசியை நோக்கிக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தன. அவர்கள் பயணிகள் அல்லர். சில மணி நேர ஓய்வு பெற்றுக் கரைக்கு வந்த கப்பல் ஊழியர்கள். சமையலறையிலும் சலவைக்கூடத்திலும் பணியாற்றும் அவர்கள், பனிமலையைக் காண ஓடாமல், தம் வீட்டைக் காண அங்கே ஓடி வந்திருந்தார்கள்.

2020-இல் பெருந்தொற்றுப் பரவியபோது, ஒப்பந்தக் காலம் முடிந்தும் இலட்சக்கணக்கான கடலோடிகள் கரையிறங்க இயலாமல் கப்பல்களில் சிக்கித் தவித்ததை நாம் அறிவோம். வீட்டோடு பேசுவது கடலோடிக்குச் சலுகையன்று, தேவை என்னும் குரல் அதன்பின் வலுப்பெற்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022-இல் திருத்தங்கள் ஏற்கப்பட்டு, 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. கப்பல் உரிமையாளர்கள் இயன்ற அளவு ஊழியர்களுக்கு இணைய வசதி அளிக்க வேண்டும் என்றும், கட்டணம் வாங்கினால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கப்பட்டு, இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்னும் பெயரில் உலகின் பல துறைமுகங்களில் கடலோடிகளுக்குப் பணிபுரியும் நம் திருச்சபையின் அமைப்பு, கப்பலேறிச் சென்று அவர்களைச் சந்திப்பதோடு, வீட்டோடு பேச இணையமும் கைப்பேசி அட்டையும் கிடைக்க உதவி வருகிறது. பசித்தவருக்கு உணவளிப்பதற்கு ஒப்பான அறச்செயலாகவே இது எங்களுக்குத் தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் கப்பல் கிளேசியர் பேயை நெருங்கியது. 1794-இல் வான்கூவரின் குழுவினர் அவ்வழியே வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்லும்படி ஏதுமில்லை; பனிச்சுவர் வாயிலை அடைத்து நின்றது. 1879-இல் ஜான் மூர் என்னும் இயற்கை ஆய்வாளர் சென்றபோது பனி வெகுதொலைவு பின்வாங்கியிருந்தது. இன்று ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே கப்பல்கள் செல்கின்றன. நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை.

அன்று காலை ஆறு மணி அழைப்பில் வந்தது அம்மாவின் குரலன்று, தம்பியின் குரல். நண்பகலிலிருந்து அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்றும், மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும் சொன்னார். இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, இரவோடு இரவாக மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மூன்று முறை பேச்சு அறுந்தது. பின் எழுத்துச் செய்திகளாய்ப் பேசினோம். “அம்மாவுக்கு நினைவு இருக்கிறதா?” என்று கேட்டோம். இருக்கிறது என்றார். “முன்பு அம்மா என்ன சொல்லியிருந்தார்?” என்று கேட்டோம். “என்னை எங்கேயும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள் என்று சொன்னார்கள்” என்று எழுதினார். “அப்படியானால் இங்கேயே இருக்கட்டும். இது நாம் மூவரும் சேர்ந்து சொல்லும் முடிவு” என்று எழுதி அனுப்பினோம். சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. பின், “சரி அண்ணா, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வந்தது.

அவர் அறியாத எதையும் நாங்கள் சொல்லவில்லை. அம்மாவின் விருப்பத்தை அவரே அறிந்திருந்தார். ஊரின் நிலையையும் மருத்துவரின் முகக்குறிப்பையும் எங்களைவிட நன்கு அறிந்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அறிவுரையன்று. ‘மூவரும்’ என்ற ஒரு சொல்.

ஒன்பது மணிக்குமேல் கப்பல் விரிகுடாவின் உட்பகுதிக்குள் சென்றது. இருபுறமும் மலைகள் உயர்ந்து வானத்தைக் குறுக்கின. பனிப்பாறைகளின் அருகே இணைப்பு நின்றுவிட்டது. விலைகொடுத்து வாங்கிய வசதி, எங்களுக்கு மிகவும் வேண்டியிருந்த வேளையில் நான்கு மணி நேரம் வெறுமையாய் இருந்தது. மார்ஜரி என்னும் பனிப்பாறையின் முன் கப்பல் நின்றது. நீருக்கு மேல் எழுபது மீட்டருக்குக் குறையாத நீலநிறச் சுவர். இடையிடையே அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழும். விழுந்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகே இடிபோன்ற ஓசை காதுக்கு வரும். எல்லாரும் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தனர். நாங்கள் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நின்றோம். செபமாலையின் துயர்நிறை மறையுண்மைகளை மெதுவாகச் சொல்லிக்கொண்டோம். அந்த நான்கு மணி நேரத்தில் எங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆயினும் காலையில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டிருந்தோம். மற்றதைத் தம்பியிடமும் இறைவனிடமும் விட்டுவிட்டு நிற்க முடிந்தது. இணைப்பு அறுந்திருந்தபோதும் நாங்கள் பிரிந்திருக்கவில்லை.

ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு அம்மா வீடு திரும்பினார். சியாட்டிலில் இறங்கிய மூன்றாம் நாளே நாங்களும் ஊருக்குப் புறப்பட்டு வந்து, அந்த ஒன்பது நாளில் கடைசி மூன்று நாள்களை அவர் கட்டிலருகே கழித்தோம். இதை எங்கள் முடிவுக்குக் கிடைத்த வெற்றியாக நாங்கள் கொள்ளவில்லை. அவர் திரும்பாமல் இருந்திருந்தாலும் அது மூவரின் முடிவாகவே இருந்திருக்கும்.

இக்கட்டுரையைப் படிப்போருள் சிலர் இத்தகைய பயணத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கலாம். எல்லாரும் இணையம் வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வீட்டில் யாரும் தனிச்சுமை தாங்கவில்லை என்றால், ஏழு நாள் அமைதி அக்கட்டணத்தைவிட மேலான செல்வம். அதைத் தயங்காமல் தேர்ந்துகொள்ளலாம். அவ்வாறு வாங்காமல் செல்வோரும், எந்த நாள் எந்தத் துறைமுகம், எப்போது பேசக்கூடும், அவசரத்துக்கு எந்த எண் என்று தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்வது நன்று. வரும் என்று காத்திருந்து வராத அழைப்பே வீட்டாரை வருத்தும்; வராது என்று முன்பே சொல்லப்பட்ட அழைப்பு யாரையும் வருத்துவதில்லை. வாங்கிச் செல்வோர், யாருக்காக வாங்கினோம் என்பதை மறவாமல், அவருக்கு மட்டும் அதைத் திறந்து வைக்கட்டும். பதினொரு குழுக்களும் பொறுத்துக்கொள்ளும். எங்கள் குழுக்கள் பொறுத்துக்கொண்டன. பலர் நாங்கள் இல்லாததைக் கவனிக்கவே இல்லை.

ஆனால் வேண்டுமா, வேண்டாமா என்று உங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடாதீர்கள். நோயுற்றவரிடம் கேட்டால், ‘எனக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்’ என்றே சொல்வார். அவர் அருகில் இருப்பவரைத் தனியே அழைத்து, “நாங்கள் இல்லாத நாள்களில் உனக்கு எது கடினமாக இருக்கும்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் விடை சொல்லும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்.